இரவு இரண்டு பத்துக்கு எழுதிய கடிதம்

தூக்கத்தைப் பற்றி வரும் கடிதங்களைத் தனியாக ஒரு கோப்பில் சேர்த்து வருகிறேன். அந்தக் கோப்பு இப்போது நாடா கட்ட முடியாத அளவுக்குத் தடித்துவிட்டது. இந்த இதழில் அதிலிருந்து மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கே பெரும்பாலான இடம் போய்விடும். மற்றவர்கள் துண்டு துண்டாகக் கேட்டதையெல்லாம் இந்தப் பெண்மணி ஒரே கடிதத்தில் கேட்டுவிட்டார்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். இதை எழுதும்போது இரவு மணி 2.10. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். எனக்கு வயது 51. அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன் ஐப்பசி மாதம், அடைமழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், இதே இரண்டு மணிக்கு என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. 108-க்குப் போன் செய்துவிட்டு, வண்டி வரும்வரை அவர் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஸ்டென்ட் வைத்தார்கள். கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார். இப்போது நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார். அன்றைக்குப் போன என் தூக்கம்தான் திரும்பி வரவில்லை.

முதல் சில மாதங்கள் அவருக்கு மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். இப்போது அந்தப் பயம் இல்லை. ஆனாலும் இரண்டு மணிக்கு யாரோ தட்டி எழுப்பியது போல விழிப்பு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். 'இப்போது தூங்கினாலும் மூன்று மணி நேரம் கிடைக்கும், இப்போது தூங்கினாலும் இரண்டு மணி நேரம் கிடைக்கும்' என்று கணக்குப் போட்டே விடிந்துவிடும். சீக்கிரம் படுத்தாலாவது கொஞ்சம் கூடத் தூங்கலாம் என்று இப்போதெல்லாம் எட்டரைக்கே பாயை விரித்துவிடுகிறேன். எழுந்திருப்பது ஐந்தரைக்கு. எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் தூங்கினால் அதிகம்.

பாலில் ஜாதிக்காய், கசகசா, உள்ளங்காலில் நல்லெண்ணெய் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். எட்டு மாதங்களுக்கு முன் மருந்துக் கடையில் சொன்னபோது சின்ன மாத்திரை ஒன்றைக் கொடுத்தார்கள். அட்டையில் அல்பிரசோலம் 0.5 என்று போட்டிருக்கிறது. பாதி போட்டுக்கொண்டேன். முதல் வாரம் செத்துப்போனது போலத் தூங்கினேன். பிறகு பாதி போதவில்லை, ஒன்றாக்கினேன். இப்போது சில நாள் ஒன்றரை. கல்லூரியில் படிக்கும் மகள், 'உடனே நிறுத்தும்மா' என்று சண்டை போட்டாள். இரண்டு நாள் நிறுத்தினேன். கை நடுங்கியது, உடம்பெல்லாம் வியர்த்தது, ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. மறுபடியும் போட ஆரம்பித்துவிட்டேன்.

பகலில் முட்டைக் கணக்கு தவறுகிறது. சமையல் உதவியாளர் மீது காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன். பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுகிறேன். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறாள் மகள். அந்த வரிசையில் என்னை யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள்? இப்படியே போனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமா, அம்மா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். இன்று இரவே இந்தப் பதில் உங்களுக்குத் தேவைப்படும். அதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். உங்கள் மகள் அக்கறையோடுதான் சொன்னாள், ஆனால் இந்த மாத்திரை விஷயத்தில் அந்த அவசரம் ஆபத்து. அல்பிரசோலம் பென்சோடயசிபைன் வகையைச் சேர்ந்தது. மூளையின் பதற்றத்தைத் தணிக்கும் பிரேக்கை அழுத்திக் கொடுக்கிற மருந்து. மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால், பிரேக் போடும் வேலையை மூளை மருந்திடமே விட்டுவிடுகிறது. அதனால்தான் பாதி போதாமல் ஒன்றாயிற்று. திடீரென்று எடுத்துவிட்டால் வண்டி பள்ளத்தில் உருளும். கை நடுங்கியதும் வியர்த்ததும் அதுதான். சிலருக்கு வலிப்புகூட வந்துவிடும். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுக்க, சில வாரங்களுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும். மாதங்கள் ஆகலாம், ஆகட்டும். அதுவரை அளவைக் கூட்டாதீர்கள். ஒன்றுக்கு மேல் போட்ட நாள்களை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கடைக்காரர் உங்கள் வேதனையைப் பார்த்து இரக்கத்தில்தான் கொடுத்திருப்பார். ஆனால் 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் போன்றவை 'எச் 1' என்ற பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நோயாளியின் பெயர், மருத்துவரின் பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியை அலைக்கழிப்பதற்காகப் போட்ட விதி அல்ல இது. நீங்கள் இந்த எட்டு மாதத்தில் பட்ட பாடு இன்னொருவருக்கு வரக் கூடாது என்பதற்காகப் போட்டது.

ஜாதிக்காயைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிட்டிகையோடு இருந்தால் பாதகமில்லை. தூக்கம் வரவில்லை என்று ஸ்பூன் கணக்கில் கலக்கிவிட்டால் வாந்தியும் படபடப்பும் மனக்குழப்பமும் வரும். அப்படி வந்தவர்களை நானே வார்டில் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தூக்கமின்மையால் உங்களுக்குப் பைத்தியம் பிடிக்காது. கோபம் வரும், மறதி வரும், முட்டைக் கணக்கு தவறும். களைத்துப்போன மூளையின் வேலை அவை, தூக்கம் சரியாகும்போது அவையும் சரியாகும். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேல் இப்படிப் போனால் அதற்கு நாள்பட்ட தூக்கமின்மை என்று பெயர். பெயர் இருக்கிறது என்றால் வைத்தியமும் இருக்கிறது.

என் அப்பா ரயில்வே கேட் கீப்பர். இரவு ஒன்று நாற்பதுக்கு ஒரு வண்டி கடக்கும். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால், அலாரம் இல்லாமல், கயிறு இழுத்தது போல எழுந்து உட்காருவார். ஓய்வு பெற்று, கேட்டிலிருந்து நாற்பது மைல் தள்ளி வீடு கட்டிக் குடிவந்த பிறகும், ஒன்றரை வருடம் அதே நேரத்துக்கு எழுந்தார். வண்டி இல்லை, கேட் இல்லை, பச்சைக் கொடி இல்லை, ஆனாலும் உடம்பு எழுந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்து படுப்பார். 'தூங்க வேண்டுமே' என்று ஒரு நாளும் அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த விழிப்பு தானாகத் தேய்ந்து ஒரு நாள் நின்றுபோயிற்று.

உங்கள் உடம்பும் ஓர் ஐப்பசி இரவில் காவலுக்கு நிறுத்தப்பட்டது. அன்று நீங்கள் விழித்ததால்தான் உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார். அந்தக் காவலைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆனால் இத்தனை நாள் நீடிப்பதற்கு அந்த இரவு காரணமில்லை. 1980-களில் ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: இயல்பிலேயே உள்ள பலவீனம், தூக்கத்தைக் கெடுத்த சம்பவம், அதற்குப் பிறகு தூக்கத்தைப் பிடிக்க நாம் செய்யும் காரியங்கள். முதலாவது பிறப்போடு வந்தது. இரண்டாவது நடந்து முடிந்தது. மூன்றாவதுதான் தூக்கமின்மையை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கிறது. எட்டரைக்குப் பாய் விரிப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது, விடியும்வரை புரண்டுகொண்டே கிடப்பது எல்லாம் இந்த மூன்றாவதில் சேரும். ஒவ்வொன்றையும் நல்லதென்று நினைத்துத்தான் செய்திருக்கிறீர்கள்.

'பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது' என்பார்கள். இதில் பசியையும் நித்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது மிகச் சரி. தூக்கமும் ஒரு பசிதான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கப் பசி ஏறுகிறது. காபி, டீயில் உள்ள காஃபீன் அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்தும் குடித்ததில் பாதி உடம்பில் இருக்கும். ஆறு மணிக்கு வீடு திரும்பியதும் நீங்கள் ஒரு டீ குடிப்பீர்கள் என்றால் அதன் பாதி பதினோரு மணிக்கும் உங்களோடு படுத்திருக்கிறது. கடைசி டீ பகல் ஒரு மணியோடு முடியட்டும்.

பசிக்கும் முன்னே இலை போட்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? எட்டரைக்குப் படுப்பது அதுதான். கணக்குப் பாருங்கள். எட்டரை முதல் ஐந்தரை வரை ஒன்பது மணி நேரம் பாயில் இருக்கிறீர்கள். தூங்குவது ஐந்து. மீதி நான்கு மணி நேரம் தினமும் அந்தப் பாயில் கவலைப்படப் பழகுகிறீர்கள். நான்கு வருடம் பழகினால் எந்தப் பாயும் பரீட்சை மண்டபமாகிவிடும். உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போது கண் சொக்குகிறது, பாயில் தலை வைத்ததும் விழிப்பு வந்துவிடுகிறது என்று உங்களுக்கும் நடக்கிறதா? பெரும்பாலும் நடக்கும்.

வைத்தியம் இதைத் திருப்பிப் போடுவதுதான். தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சை என்று இதற்குப் பெயர். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பல வாரங்கள், வாரத்துக்கு ஓர் அமர்வு. இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் நம் ஊர்களில் குறைவுதான். ஆனாலும் இதன் முதுகெலும்பான இரண்டு விஷயங்களை எந்த மனநல மருத்துவரும் உளவியலாளரும் உங்களுக்குச் செய்துகொடுக்க முடியும்.

முதலாவது, பாயில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. கேட்டால் அநியாயமாகத் தோன்றும். தூங்காத ஒருத்தியை இன்னும் தாமதமாகப் படு என்று சொல்வதா? ஆம், அதைத்தான் சொல்கிறேன். நீங்கள் ஐந்து மணி நேரம் தூங்குகிறீர்கள். சிலருக்கு அந்த ஐந்து மணி நேரத்தையே படுக்கை நேரமாகக் கொடுப்போம், அதற்குக் கீழே யாருக்கும் போவதில்லை. உங்களுக்கு நான் ஆறில் தொடங்குவேன். கொதிக்கும் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பவர் நீங்கள். ஆகவே இரவு பதினொன்றரைக்குப் பாய், காலை ஐந்தரைக்கு எழுவது. ஞாயிறும் ஐந்தரைதான், தீபாவளிக்கு மறுநாளும் ஐந்தரைதான். எழும் நேரம் உடம்புக் கடிகாரத்தின் ஆணி, அதை மட்டும் அசைக்காதீர்கள். ஒரு வாரம் சராசரியாகப் படுத்திருந்த நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு தூங்கியிருந்தால், படுக்கும் நேரத்தைக் கால்மணி முன்னால் கொண்டுவரலாம். அடுத்த வாரம் இன்னொரு கால்மணி. இப்போது உங்கள் கணக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 55 என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், இதை மறைத்தால் நான் உங்களுக்கு உண்மையாக இல்லை என்று அர்த்தம். பகலில் கண் எரியும். இரவு ஒன்பதரைக்கே தலை தொங்கும். தொங்கட்டும். நான்கு வருடமாக உங்களுக்கு வராத தூக்கப் பசி அப்போதுதான் வருகிறது. அந்த நாள்களில் பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டு போங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களும், மனம் அதீத உற்சாகத்துக்கும் அதீத சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய் உள்ளவர்களும், லாரி, பஸ் ஓட்டுபவர்களும் இதை மருத்துவர் துணையில்லாமல் செய்யவே கூடாது. நீங்களும் மாத்திரை குறைக்கும் திட்டத்தோடு சேர்த்து, மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

இரண்டாவது, பாயைத் தூக்கத்துக்கு மட்டும் திருப்பிக் கொடுப்பது. ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் எழுதிய முறை இது. ஏறத்தாழ இருபது நிமிடமாகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். தோன்றினால் போதும், கடிகாரம் பார்க்காதீர்கள். அந்தச் சுவர்க் கடிகாரத்தை நாளைக்கே கழற்றிச் சமையலறையில் மாட்டுங்கள், செல்போனையும் அங்கேயே வையுங்கள். எழுந்து எங்கே போவது என்பதைப் பகலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். கூடத்தில் ஒரு நாற்காலி, மங்கலான விளக்கு, கொசுவுக்கு ஒரு மின்விசிறி. கையில் சுவாரசியமில்லாத ஒரு வேலை. துணி மடிக்கலாம். மறுநாளைக்கு மொச்சை உரிக்கலாம். பள்ளிக் கணக்கு மட்டும் வேண்டாம், அது மூளையைத் தட்டி எழுப்பும். கண் தானாக மூடும்போது மட்டும் பாய்க்கு வாருங்கள். மறுபடியும் வரவில்லையா, மறுபடியும் எழுங்கள். முதல் வாரத்தில் ஒரே இரவில் நான்கு முறைகூட எழ வேண்டியிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. 2011-இல் என் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அவர் போன பிறகும் பதினொரு மாதம் நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விழித்தேன். எழுந்து, காலியான கட்டிலைப் பார்த்துவிட்டு, திரும்பப் படுத்து அழுவேன். பகலில் நோயாளிகளுக்குத் தூக்கத்தைப் பற்றி ஆலோசனை சொல்வேன். ஒரு மனநல மருத்துவரான எனக்கே, உதவி வேண்டும் என்று சக மருத்துவரிடம் சொல்ல நான்கு மாதத் தயக்கம் இருந்தது. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, 'எத்தனை மணி நேரம் படுத்திருக்கிறீர்கள்?' என்பதுதான். நான் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. பிறகு இன்னொன்றும் கேட்டார்: 'அம்மாவைப் பற்றிப் பகலில் யாரிடமாவது பேசினீர்களா?' பேசியதில்லை.

அதே கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். அந்த ஐப்பசி இரவைப் பற்றி யாரிடமாவது முழுவதும் சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் கணவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், பழம் வாங்கிக்கொண்டு ஊரே வந்து பார்த்தது. அவர் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரை யார் விசாரித்தார்கள்? மருத்துவரிடம் போகும்போது தூக்கத்தை மட்டும் சொல்லாமல், அந்த இரவையும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. 'இப்போது நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார்.' குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம் அல்ல, சகோதரி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் பலமாகக் குறட்டை விடுகிறார் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறட்டை திடீரென்று நின்று, சில விநாடிகள் மூச்சே இல்லாமல், பிறகு திணறிக்கொண்டு மூச்சை இழுக்கிறாரா? பகலில் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறாரா? அப்படியென்றால் அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் கெடுக்கக் கூடியது. ஓர் இரவு முழுவதும் கருவிகள் பொருத்தித் தூக்கத்தைப் பதிவு செய்து கண்டுபிடிப்பார்கள், முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி உட்பட வைத்தியம் உண்டு. அடுத்த முறை இதய மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லுங்கள். ஒருவேளை இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவதே அந்த மூச்சுத் திணறலின் சத்தமாகக்கூட இருக்கலாம். காவலாளியின் காது அதற்குத்தானே பழகியிருக்கிறது.

உங்களுக்கும் சில பரிசோதனைகள் வேண்டும். வயது 51. மாதவிடாய் நிற்கும் காலத்தில் இரவில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து விழிப்பு வரும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் தூக்கம் கெடும். இரும்புச் சத்து குறைந்தால் சிலருக்குப் படுத்ததும் கால் குடையும், நீட்டி மடக்கினால்தான் அடங்கும். இவற்றுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனையும் தனி மருந்தும் இருக்கின்றன.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் வருகிறார்கள், எந்த நாள் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்குப் பேச யாராவது வேண்டும் என்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

போகும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் தினமும் காலையில் எழுதுங்கள்: எப்போது படுத்தேன், ஏறத்தாழ எப்போது தூங்கினேன், எத்தனை முறை விழித்தேன், எப்போது எழுந்தேன், எத்தனை மாத்திரை, எத்தனை டீ. இரவில் எழுதாதீர்கள். தினம் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள், எத்தனை முட்டை செலவு என்று பதிவேடு எழுதும் உங்களுக்கு இது பெரிய வேலை இல்லை. அந்த நோட்டோடு போனால் மருத்துவர் உங்களுக்கு இன்னொரு மாத்திரை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட மாட்டார். கூப்பிட்டால், 'மாத்திரையைக் குறைக்க வேண்டும், தூக்கத்துக்குப் பயிற்சி வேண்டும்' என்று இரண்டே வாக்கியத்தில் கேளுங்கள்.

அந்த வரிசையில் யாராவது பார்த்துவிட்டால் என்று கேட்டிருந்தீர்கள். 26 வருடம் அந்த வரிசையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவள் நான். ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், கோயில் குருக்கள், புதுமணப்பெண்கள் எல்லோரும் அதில் நின்றார்கள். உங்களைப் பார்த்துவிடுபவரும் அங்கே சீட்டு வாங்கத்தான் வந்திருப்பார்.

கேள்வி: எனக்கு வயது 29. பல்லடம் பக்கம் நூற்பாலையில் வேலை. வாராவாரம் ஷிப்ட் மாறும். இரவு 12 முதல் காலை 8 வரை வேலை பார்க்கும் வாரத்தில், பகலில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்க முடிவதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெக்கை. ஏதாவது மாத்திரை சொல்லுங்கள் மேடம்.

பதில்: தம்பி, உங்கள் தூக்கம் கெட்டுப்போகவில்லை. உங்கள் உடம்புக் கடிகாரமும் ஆலையின் கடிகாரமும் மோதுகின்றன. உடம்புக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். காலை எட்டு மணி வெயிலில் வீடு திரும்பும்போது 'விடிந்துவிட்டது, விழித்திரு' என்று கண் மூளைக்குச் சொல்லிவிடுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள். கண் சொக்கினால் மட்டும் பைக்கை எடுக்காதீர்கள், ஆலை வேனிலோ நண்பர் பின்னாலோ வாருங்கள். வழியில் டீக்கடையில் நிற்காமல் நேராக வந்து படுங்கள், ஒன்பதரைக்கு மேல் படுத்தால் அந்தக் கூரையின் கீழ் யாருக்கும் தூக்கம் பிடிக்காது. ஜன்னலில் கெட்டியான கறுப்புத் துணி. கீழ்த்தளத்தில் சொந்தக்காரர் வீட்டு அறை ஏதாவது கிடைத்தால் அந்த வாரம் மட்டும் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். காலையில் நான்கு மணி நேரம், வேலைக்குப் போகும் முன் மாலையிலோ இரவிலோ ஒன்றரை மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்துத் தூங்கலாம். டீயை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். மேற்பார்வையாளரிடம் பேச முடிந்தால், காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்டை மாற்றச் சொல்லுங்கள். இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கிப் போவதைவிட அது உடம்புக்குச் சுலபம். மாத்திரை வேண்டாம். தூக்கக் கலக்கத்தோடு ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு வயது 74. இரவு எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். அம்மா தவறி ஒரு வருடம் ஆகிறது. சாப்பாடும் குறைந்துவிட்டது, வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. லேசான தூக்க மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: எட்டு முதல் மூன்று வரை ஏழு மணி நேரம். தூக்கக் கணக்கில் பெரிய குறையில்லை, வயதானால் தூக்கம் முன்கூட்டியே வந்து முன்கூட்டியே கலையும். மாலையில் கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ நடக்க வைத்து, படுக்கையைப் பத்து மணிக்குத் தள்ளினால் விழிப்பும் தள்ளிப்போகும். சிறுநீர் கழிக்க எழுகிறாரா, ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையை மாலையில் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். தூக்க மாத்திரை வேண்டாம். இந்த வயதில் அது இரவில் தள்ளாட வைக்கும். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்த பல முதியவர்களின் மருந்துப் பையில் அதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கவலை தருவது மூன்று மணி அல்ல, வேட்டி நழுவுவது. விடியற்காலையில் விழிப்பு, சாப்பாடு குறைவது, எடை குறைவது, இவற்றோடு செய்தித்தாள் படிப்பது, அக்கம்பக்கத்தில் பேசுவது போன்றவற்றையும் விட்டுவிட்டார் என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். முதுமையில் அது அழுகையாக வருவதைவிட, இப்படி மௌனமாகவே அதிகம் வருகிறது. வைத்தியம் செய்தால் குணமாகும். இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போங்கள். மூன்று மணிக்கு நீங்களும் எழுந்து திண்ணையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். 'அம்மா இல்லாமல் எப்படி இருக்கிறது அப்பா?' என்று கேளுங்கள். 'வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா?' என்பதையும் வாய்விட்டே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அது வருவதில்லை. தோன்றுகிறது என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதுவரை 14416-இல் பேசுங்கள். இல்லை என்றாலும் திங்கள்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அழைத்துப் போங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.